கேட்டுச் செய்வதா, காசு கொடுத்துவிட்டுச் செய்வதா: பதிப்புரிமையும் வெகுஜனக் கலையும்

கேள்வி இது: பதிப்புரிமைச் சட்டம் இறுக்கமாக இருக்கும் நாட்டில் பாட்டு, படம், காமிக்ஸ் போன்றவற்றில் புதுமை குறைகிறதா? சட்டம் தளர்ந்திருக்கும் நாட்டில் பெருகுகிறதா?

இறுக்கம், தளர்வு என்ற கணக்கில் இதற்கு விடை கிடைக்காது. உலகில் நீண்ட காலப் பாதுகாப்புத் தரும் சட்டங்களில் அமெரிக்காவுடையதும் ஒன்று. கேலிப் பாட்டுக்கு தாராளமாக இடம் விடுவதும் அதே சட்டம்தான். ஜப்பான் சட்டத்தில் ரசிகர் படைப்புக்கென்று விதிவிலக்கே கிடையாது. ஆனால் ரசிகர்கள் தாங்களே வரைந்து விற்கும் மாபெரும் காமிக்ஸ் சந்தை நடப்பது டோக்கியோவில். அதனால் வேறு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பழையதிலிருந்து ஒன்றை எடுத்துப் புதிதாகச் செய்கிறவர் யாரிடம் போய் நிற்க வேண்டும்? அந்த ஆள் ‘முடியாது’ என்று சொல்லலாமா, இல்லை காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதானா? இந்த இரண்டுக்கும் விடை எங்கெல்லாம் மாறியதோ, அங்கெல்லாம் கலையின் உருவமும் மாறியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் குழப்பம். பேச்சில் நாம் ‘காப்புரிமை’ என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் வேறு, பெயருக்கும் சின்னத்துக்கும் உரிய டிரேட்மார்க் வேறு. இங்கே பேசுவது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். இதற்குப் பதிவு தேவையில்லை; எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. 1886இல் உருவாகிப் பின்னர் திருத்தங்களால் விரிந்த, பல நாடுகள் சேர்ந்த பெர்ன் உடன்படிக்கை வகுத்த அடிப்படை அது. படைத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் குறைந்தது 50 ஆண்டும் பாதுகாப்பு, வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்குத் தரும் அதே மரியாதை என்பவையும் அதிலிருந்து வந்தவை. அமெரிக்கா 1989இல்தான் இதில் சேர்ந்தது. உலகம் முழுவதற்கும் ஒரே பதிப்புரிமைச் சட்டம் என்று எதுவும் இல்லை. நீங்கள் எந்த நாட்டில் வெளியிடுகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டமே பேசும். இணையத்தில் ஏற்றினால் ஒரே நேரத்தில் பல நாட்டுச் சட்டங்கள் பேசும். தலைவலி தொடங்குவது அங்கே.

கருவுக்கு உரிமை கிடையாது, அது எடுத்த உருவத்துக்குத்தான் உரிமை என்பது எல்லா நாட்டுக்கும் பொது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாக வைத்தது. ஒரு நாடகமும் ஒரு படமும் மாநிலப் பற்று என்ற ஒரே கருவைத் தொட்டிருந்தன. கரு ஒன்றாக இருந்தாலும் கையாண்ட விதம் வேறு என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ‘ஒன்லைன் அதேதான், திருடிவிட்டார்கள்’ என்ற புகார்கள் பெரும்பாலும் நிற்காமல் போவதற்குக் காரணம் இது. மறுபக்கம், பெயரை மட்டும் மாற்றினால் தப்பலாம் என்று நினைப்பதும் தவறு. 1922இல் ஜெர்மனியில் வந்த ‘நாஸ்ஃபெராட்டு’ டிராகுலா நாவலை ஆட்களின் பெயர்களை மாற்றிப் படமாக்கியது. நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்தார்; படப் பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது.

இனி இசை. ‘கேட்பது’, ‘கொடுப்பது’ என்ற வித்தியாசம் இதில்தான் பளிச்சென்று தெரியும்.

தானாக இசைக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்கள் பதிப்புரிமையை மீறவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி இசையமைப்பாளருக்கு உரிமை கொடுத்தது. ஆனால் ஒரே நிறுவனம் எல்லாப் பாட்டையும் வளைத்துப்போட்டுவிடுமோ என்ற பயம் இருந்தது. அதனால் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: ஒருமுறை இயந்திரப் பிரதியாக வெளிவந்த பாட்டை வேறு யாரும் மறுபடி பதிவுசெய்யலாம், பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை! இன்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அதே வேலையைச் செய்கிறது. ஒரே பாட்டை ஜாஸ்காரர் ஒரு விதமாகவும் ராக்காரர் வேறு விதமாகவும் பாடும் அமெரிக்க வழக்கம் செழித்ததில் இந்தச் சட்ட ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடல் எழுதியவரால் ‘உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தடுக்க முடியாது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு வழிவிட்டது: உரிமையாளர் சம்மதத்தோடு முன்பே ஒருமுறை பதிவான பாட்டை, அறிவிப்புக் கொடுத்து ராயல்டி கட்டி மறுபதிவு செய்யலாம். 1980களில் கேசட் மலிந்தபோது பழைய படப்பாட்டுகளை வேறு குரல்களில் பாடிக் குறைந்த விலைக்கு விற்ற அலை இந்த வாசல் வழியாகத்தான் வந்தது. 2012 திருத்தம் வாசலைச் சுருக்கியது. இப்போது 31சி பிரிவின்படி ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பும் அட்டை மாதிரியும் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் பாடகரின் பெயரோ படத்தின் பெயரோ மக்களைக் குழப்பும் விதத்தில் அட்டையில் இருக்கக் கூடாது. வரியிலும் மெட்டிலும் கைவைக்கவும் கூடாது. 50,000 என்ற அடித்தளம் பெரிய நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. வீட்டில் மைக் வைத்துப் பாடுகிறவருக்கு அது கதவைச் சாத்தியது போலத்தான். ‘கவர்’, அதாவது பிறர் பாட்டை மறுபடி பாடுகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது இன்னோரிடத்தில்: அமெரிக்காவின் 115ஆம் பிரிவு ஒலிக்கு மட்டும். பாடும்போது எடுத்த வீடியோவையும் சேர்த்து வெளியிட்டால் அது காட்சியோடு இசையை இணைப்பது. அதற்கு ‘சிங்க்’ உரிமம் தனியாக வேண்டும், அதை உரிமையாளர் மறுக்கலாம்.

சாம்பிளிங்குக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். பழைய ஒலித்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால் இரண்டு உரிமைகளைத் தொடுகிறீர்கள்: மெட்டும் வரியும் சேர்ந்த பாடலின் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. இரண்டுக்கும் கட்டாய உரிமம் கிடையாது, இரண்டு பேரும் ‘முடியாது’ எனலாம். 1980களின் கடைசியில் ஒரு ஆல்பத்தில் டஜன் கணக்கில், சில சமயம் நூற்றுக்கும் மேல், துண்டுகளை அடுக்கி ஹிப்ஹாப்காரர்கள் ஒலிச்சித்திரம் செய்தார்கள். 1991இல் நியூயார்க்கில் கிராண்ட் அப்ரைட் வழக்கு வந்தது. ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையுடன் தொடங்கிய அந்தத் தீர்ப்புக்குப்பின் நிறுவனங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்து அனுமதி கேட்கத் தொடங்கின. 2005இல் அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் செய்யாதே’ என்று கோடு போட்டது. 2016இல் ஒன்பதாவது வட்டாரம், 0.23 நொடி ஊதுகொம்பு ஒலிக்கெல்லாம் வழக்கா என்று நேர் எதிராகச் சொன்னது. ஒரே நாட்டுக்குள் இரண்டு விதி! விளைவு காதுக்கே தெரியும். நாற்பது துண்டு அடுக்கும் பாணி பெரிய நிறுவன வெளியீடுகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. அடையாளம் தெரியும் ஒரே ஒரு துண்டை எடுத்து அதற்கு முழு விலை கொடுத்து, அதன்மேல் பாட்டு முழுவதையும் கட்டும் பாணி வந்தது. கலைஞர்களின் ரசனை மட்டும் மாறியதால் வந்ததில்லை இது; துண்டுக்கு ஒரு விலை என்றான பிறகு நாற்பது துண்டு கட்டுப்படியாகாது.

ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977ஆம் ஆண்டு இசையிலிருந்து 2 நொடி எடுத்ததற்கு 1999இல் தொடங்கிய வழக்கு இருபது ஆண்டைத் தாண்டியும் நடந்தது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது: காதுக்கு அடையாளம் தெரிகிற துண்டு என்றால் அனுமதி வேண்டும், அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டால் வேண்டாம். 2021இல் ஜெர்மனி கேலிக்கும் ‘பாஸ்டிஷ்’ எனப்படும் பாவனைக் கலவைக்கும் 51ஏ பிரிவில் விதிவிலக்கு வைத்தது. சாம்பிள் அதற்குள் எவ்வளவு அடங்கும் என்பதே அடுத்த சண்டையானது.

சாம்பிளுக்கு முறையாக அனுமதி வாங்குவது எப்படி? பாட்டை வெளியிட்ட பின்பு கேட்கக் கூடாது. அப்போது விலையை அவர்கள்தான் சொல்வார்கள். பாடல் உரிமையை வைத்திருக்கும் பதிப்பகத்துக்கும் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருக்கும் லேபிளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடி வரை எடுத்தீர்கள், புதிய பாட்டில் அது எத்தனை முறை வருகிறது, வேகமும் சுருதியும் மாற்றப்பட்டதா, எங்கெல்லாம் வெளியிடப் போகிறீர்கள் என்பதை எழுதி, புதிய பாட்டின் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பதிப்பகம் பெரும்பாலும் புதிய பாட்டின் உரிமையில் ஒரு பங்கு கேட்கும். லேபிள் முன்பணமும் ராயல்டியும் கேட்கும். பழைய பாட்டை எழுதியவர்கள் ஆறு பேர், அவர்களுடைய பங்குகள் நான்கு பதிப்பகங்களில் இருக்கின்றன என்றால் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தங்கள் அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட பிறகு நான்காமவர் பதிலே போடமாட்டார். லேபிள் மட்டும் மறுத்தால் ஒரு மாற்று உண்டு: அந்தத் துண்டை நீங்களே வாசித்துப் பதிவுசெய்துவிடலாம். அப்போது பாடல் உரிமை ஒன்றுக்கு மட்டும் அனுமதி போதும். அண்மைக் கால ஆங்கிலப் பாப் பாட்டுகளில் பழைய மெட்டு புதுக் குரலில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பாட்டுக்கான ‘பீட்’ என்ற தாளப் பின்னணியை வெளியே விலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அதில் அனுமதி பெறாத சாம்பிள் இல்லை என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஜமைக்காவில் நடந்தது வேறு. ‘ரிதிம்’ என்பார்கள்: ஒரே தாள, பேஸ் பின்னணி மேல் பத்து, இருபது, நூறு பேர் தனித்தனிப் பாட்டுகள் பாடுவார்கள். 1985இன் ‘ஸ்லெங் டெங்’ ரிதிம் மேல் வந்த பாட்டுகளுக்குக் கணக்கில்லை. 1993இல் புதிய சட்டம் வரும்வரை பழைய பிரிட்டிஷ் காலச் சட்டமே அங்கே ஏட்டில் இருந்தது, கேட்பார் இல்லை. இதைத் தளர்ந்த சட்டத்தின் பொற்காலம் என்று கொண்டாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பின்னணியை வாசித்த இசைக்கலைஞர்களில் பலருக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம் என்ற நிலையில் படைப்பு பெருகியது. படைத்தவர் வயிறு நிறையவில்லை. அதே ஜமைக்கா 2015இல் ஆயுள் கூட்டல் 95 ஆண்டு என்று எகிறியது. அதிலும் எனக்கு நியாயம் தெரியவில்லை. இறந்துபோன கலைஞரை 95 ஆண்டுக் காலம் எந்த ராயல்டியும் ஊக்குவிக்காது.

இந்தியாவிலும் பணம் எங்கே போகிறது என்ற கேள்விதான் நெடுங்காலம் பெரிதாக இருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக இசையமைத்துக் கொடுத்துவிட்டால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை தயாரிப்பாளருடையது என்றது. 2012 திருத்தம், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு ராயல்டி உண்டு என்றும், அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது என்றும் சொன்னது. பழைய பாட்டைப் புதுப்படத்தில் பயன்படுத்துவோர், ‘ஆடியோ கம்பெனியிடம் வாங்கிவிட்டோமே’ என்று நினைத்த பிறகும் நோட்டீஸ் பெறுவது இந்தச் சிக்கலால்தான். ஒலிப்பதிவை வைத்திருப்பவரும் பாடலின் உரிமையை வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய ஒப்பந்தத்தின் வாசகத்தை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.

பயம் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ‘பிளர்டு லைன்ஸ்’ என்ற அமெரிக்கப் பாப் பாட்டு மீது 2015இல் வந்த தீர்ப்பு ஓர் உதாரணம். பாடகர் மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாட்டை அதன் ‘உணர்வு’ அளவில் ஒத்திருந்ததற்காகவே தண்டனை என்று துறையில் பலர் அதை வாசித்தார்கள்; ஜூரி 70 லட்சம் டாலருக்கு மேல் விதித்தது, பிறகு சுமார் 53 லட்சமாகக் குறைந்தது. அதன்பின் ஹிட் பாட்டுகளில், வழக்கு வருவதற்கு முன்பே பழைய பாட்டுக்காரர்களின் பெயரைச் சேர்த்துப் பங்கு கொடுத்துவிடும் பழக்கம் கூடியது. வெளியீட்டுக்கு முன் இசை ஆய்வாளரிடம் பாட்டைக் கொடுத்துச் சோதிப்பது ஒரு தொழிலானது. 2020இல் லெட் செப்பலின் வழக்கும், 2023இல் எட் ஷீரன் வழக்கும், எல்லோருக்கும் பொதுவான ‘கார்டு’ (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசைக்கு யாரும் பட்டா போட முடியாது என்ற பக்கம் மறுபடி சாய்ந்தன.

கேலிக்கும் மறுஆக்கத்துக்கும் நாட்டுக்கு நாடு வாசல் வேறு. அமெரிக்காவின் ‘ஃபேர் யூஸ்’ நான்கு கேள்வி கேட்கிறது: எதற்காகப் பயன்படுத்தினாய், மூலம் எந்த வகைப் படைப்பு, எவ்வளவு எடுத்தாய், மூலத்தின் சந்தையை அடிக்கிறதா. பட்டியலில் இல்லாத பயனும் இதில் நுழையலாம். 1994இல் 2 லைவ் குரூ என்ற ராப் குழுவின் கேலிப் பாட்டு, விற்பனைக்கு வந்ததாக இருந்தும், ஃபேர் யூஸ் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இப்படித்தான். ஆனால் 2023இல், ஒரு புகைப்படத்தை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த சித்திரத்தைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது ஃபேர் யூஸ் இல்லை என்று 7–2 கணக்கில் தீர்ப்பு வந்தது. புகைப்படக்காரரும் பத்திரிகைகளுக்குத்தானே படம் விற்கிறார், நோக்கம் ஒன்றுதான் என்பது காரணம். பாணி மாறினால் போதும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது எச்சரிக்கை. மூலத்தையே குறிவைத்துக் கிண்டல் செய்தால் வலு அதிகம். மூலத்தை வாகனமாக்கி வேறொன்றைக் கிண்டல் செய்தால் வலு குறைவு.

பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளின் ‘ஃபேர் டீலிங்’ ஒரு மூடிய பட்டியல். பிரிட்டன் 2014இல்தான் கேலியைப் பட்டியலில் சேர்த்தது. கனடா 2012இல் கேலியோடு நிற்காமல், சாதாரண மக்கள் வணிக நோக்கமின்றிச் செய்யும் கலவைகளுக்கும் தனி விதிவிலக்கே வைத்தது. இந்தியாவின் 52ஆம் பிரிவில் விமர்சனம் இருக்கிறது, கேலி என்ற சொல் இல்லை. ஆகவே இங்கே ‘ஸ்பூஃப்’ எடுப்பவர் அதை விமர்சனம் என்று நிறுவ வேண்டியிருக்கிறது. பத்து நொடிக்குள் என்றால் பிரச்சினை இல்லை, முப்பது நொடி வரை பரவாயில்லை என்று உலவும் கணக்கெல்லாம் கட்டுக்கதை. மேலே சொன்ன 2 நொடி வழக்கே சாட்சி.

ஜப்பானுக்கு வருவோம். 1975 டிசம்பரில் தொடங்கிய ‘காமிக்கெட்’ சந்தையில் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துத் தாங்களே வரைந்த தோஜின்ஷி இதழ்களை விற்கிறார்கள். ஏட்டுப்படி அதில் நிறைய மீறல். ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் குற்ற வழக்கு என்பது அங்கே நெடுநாள் விதி. பதிப்பகங்களோ அடுத்த தலைமுறை ஓவியர்களை அங்கிருந்தே எடுத்ததால் கண்டும் காணாமல் இருந்தன. பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2018 டிசம்பரில் சட்டம் மாறியபோது, புகாரின்றி வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை மூலத்தை அப்படியே நகலெடுத்து விற்கும் திருட்டுப் பிரதிகள் போன்றவற்றுக்கு மட்டும் என்று கவனமாகக் குறுக்கினார்கள். தோஜின்ஷி தப்பியது. இதில் ஒரு பலவீனம் உண்டு: பொறுமை உரிமையாகாது. கண்டுகொள்ளாமல் இருப்பவர் நாளைக்கே மனம் மாறலாம். குறைந்த பிரதிகள், அதிகாரபூர்வச் சின்னத்தைப் பயன்படுத்தாமை, பொம்மை, சட்டை போன்ற சரக்குகளில் இறங்காமை என்று ரசிகர்கள் தாங்களே எல்லை கட்டிக்கொள்வது அதனால்தான்.

காலம் முடிந்த படைப்புகள் யாருக்கும் பொது. 1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த காப்பிரைட் வரி விழுந்துபோனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லாவிட்டால் உரிமை இல்லை. படம் பிறந்த அன்றே பொதுச் சொத்து! எல்லா டிவியும் எல்லா வீடியோ நிறுவனமும் இலவசமாகப் போட்டன. எழுந்து நடக்கும் பிணங்கள் உலகத்தின் கற்பனையில் குடியேறின. எடுத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். இரண்டும் உண்மை.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி வழி இருக்கிறது: நாட்டுடைமை. பாரதியின் எழுத்துகளை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கி, சில ஆண்டுகளில் மக்களுக்கே விட்டது. அதுவரை அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு படத் தயாரிப்பாளர் கையில் இருந்தது. வாரிசுகளுக்கு ஒரு தொகை, படைப்பு எல்லோருக்கும் என்ற இந்த ஏற்பாடு பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களுக்கு நீண்டது. கேட்பதையும் கொடுப்பதையும் அரசே ஒரே தடவையில் முடித்துவிடுகிறது.

பொதுச் சொத்தா என்று சோதிப்பதற்கான கணக்கு: இந்தியாவில் ஆயுள் கூட்டல் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70, மெக்சிகோவில் 100. காலம் டிசம்பர் 31இல் முடியும். 1960இல் இறந்த ஒருவரின் நாவல் இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொது. ஐரோப்பாவில் 2031 வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பழைய படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95. 1928இன் மிக்கி மவுஸ் கார்ட்டூன் 2024இல் விடுபட்டது அப்படித்தான். அதிலும் அப்போது விடுபட்டது 1928இன் மிக்கி மட்டுமே. பின்னால் மாறிய தோற்றங்கள் அவை வெளியான ஆண்டைப் பொறுத்துப் பின்னரே விடுபடும், பெயர் டிரேட்மார்க். இந்தியப் படம் ஒன்று 1960இல் வந்திருந்தால் படத்தின் உரிமை முடிந்தது. ஆனால் அதன் பாடலாசிரியர் 1990இல் இறந்திருந்தால் வரிகள் 2050 முடியும்வரை பூட்டுக்குள். மொழிபெயர்ப்புக்கும் புதிய உரிமை பிறக்கும். 1880இல் இறந்தவரின் நாவல் பொது என்றாலும், 1995இல் வந்த தமிழாக்கத்தை எடுத்து ஒலிநூல் செய்ய முடியாது.

கடைசியாக, இணையத் தளங்கள். இன்று பெரும்பாலோருக்கு நீதிமன்றம் என்பது யூடியூபின் தானியங்கிதான். 2007இல் வந்த கன்டென்ட் ஐடி ஒலியை ஒலியோடும் காட்சியைக் காட்சியோடும் ஒப்பிடும்; கேலியா, விமர்சனமா என்று அதற்குத் தெரியாது. அங்கே இரண்டு வகை அறிவிப்பு வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘கிளெய்ம்’ வந்தால் வருமானம் மறுபக்கம் போகும் அல்லது வீடியோ சில இடங்களில் மறையும். மறுப்புத் தெரிவித்தால் அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘டேக்டவுன்’, அதாவது வீடியோவை நீக்கச் சொல்லும் கோரிக்கை, வந்தால் சேனல்மேல் ‘ஸ்ட்ரைக்’ என்ற எச்சரிக்கைக் குறி விழும். 90 நாளுக்குள் மூன்று என்றால் சேனலே போகலாம். அதற்கு எதிர் அறிவிப்புக் கொடுத்தால், புகார் தந்தவர் 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையேல் வீடியோ திரும்ப வரலாம். ஆனால் எதிர் அறிவிப்பில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும். அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கும் ஒப்புக்கொள்கிறீர்கள். பலர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் பின்வாங்குவது இந்த வரியைப் படித்த பிறகுதான். ஐரோப்பாவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை 17ஆம் பிரிவில், மேற்கோள், விமர்சனம், கேலி, பாஸ்டிஷ் ஆகியவற்றைத் தளங்கள் முடக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வடிகட்டும் இயந்திரத்துக்கு அதைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. உங்கள் வீடியோவில் விமர்சனம் செய்கிறீர்கள் என்றால் துண்டைச் சிறிதாக எடுங்கள், அதன்மேலேயே பேசுங்கள், எந்தத் துண்டு எந்தக் கருத்துக்காக என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புப் படிவத்தில் ஒட்ட வேண்டியது அந்தக் குறிப்புதான். ‘எல்லா உரிமையும் உரியவருக்கே’ என்று வீடியோவின் கீழே எழுதும் வரிக்கு எந்த நாட்டிலும் பலன் கிடையாது.